சர்வருக்குப் பொருத்தம் பார்த்தல்

சர்வர் என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுபவர், தோளில் துண்டும் கையில் டபரா டம்ளருமாக வந்து நிற்கும் ஹோட்டல் ஊழியரே. 1964-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் அந்தப் பெயரை மனத்தில் நிலைநாட்டிவிட்டார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சர்வர் வேறு. அது ஒரு கம்ப்யூட்டர். ஆயினும் இருவர் தொழிலும் ஒன்றே. கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. ‘வழங்கி’ என்று அதற்குத் தமிழில் நல்ல பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை யந்திரத்தின் அருகே உட்கார்ந்து வேலை செய்பவர் சொல்லி நாம் கேட்டதில்லை. ஆகவே வழக்கில் உள்ள சொல்லையே ஆள்வோம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர், சென்ற இடங்களில் ஒரு பள்ளிக்கூடமோ நூலகமோ பஜனை சமாஜமோ ஏற்படுத்தாமல் இருந்தது அருமை. அவற்றின் கணக்குகள் முன்பு பேரேடுகளில் இருந்தன. இன்று படிக்கட்டுக்கு அடியிலோ, நாற்காலிகள் அடுக்கிய அறையின் மூலையிலோ, ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டி பெரும்பாலும் புதிதாக வாங்கியதன்று. பெரிய கம்பெனிகள் ஐந்தாறு ஆண்டுகள் ஆண்டு கழித்துவிட்ட சர்வர்கள் நேரு பிளேஸிலும் லாமிங்டன் ரோட்டிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் கடைகளின் தோற்றமும் பேரமும் புதியவை அல்ல. உழைப்பில் அந்தப் பழைய பெட்டிகளுக்கு ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அலுக்காமல் ஓடுபவற்றை நாமே பார்த்திருக்கிறோம். சங்கடம் வருவது, அவற்றில் ஒன்றை மாற்ற முற்படும்போதுதான்.

வட இந்திய நகரம் ஒன்றில் நம்மவர் நடத்தும் பள்ளி ஒன்றின் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எங்களில் நான்கு பேருக்கு இருந்தது. நால்வரும் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். சனிக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொடுப்பது எங்கள் வழக்கம். மாணவர்களின் மதிப்பெண்கள், கட்டணக் கணக்கு, ஆசிரியர்களின் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் ஆகிய எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருந்தன. அதில் ஓடியது சென்ட் ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் சிஸ்டம். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் பதிப்புக்கு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு பராமரிப்பு முடிவதாக அறிவித்திருந்தார்கள். பராமரிப்பு முடிவது என்றால் யந்திரம் நின்றுவிடும் என்று பொருளன்று. அதன்பின் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பதற்கு ஆள் இல்லை என்று பொருள். பிள்ளைகளின் விவரங்களும் பெற்றோரின் பணமும் உள்ள இடத்தில் அதைப் பொறுத்துக்கொள்வதற்கில்லை. ஆகவே மாற்றத் தீர்மானித்தோம். தீர்மானம் சரியானதே. செய்த முறைதான் தவறு.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் இரவில் நாங்கள் உட்கார்ந்தோம். எட்டாம் பதிப்பைச் சேர்ந்த புதிய சிஸ்டம் ஒன்று யுஎஸ்பி குச்சி ஒன்றில் தயாராக இருந்தது. பெட்டியின் முகப்பில் இருந்த மாடல் பெயரைப் பார்த்து, ‘இது நல்ல கம்பெனிச் சரக்கு, எல்லாம் ஏறும்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். வேறு சோதனை செய்யவில்லை. குச்சியைச் செருகி யந்திரத்தை எழுப்பினோம். நிறுவும் திரை வந்தது, மொழி கேட்டது, நேரம் கேட்டது. எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்ற இடத்துக்கு வந்ததும், டிஸ்க் எதுவும் இல்லை என்று அறிவித்தது.

ஆறு டிஸ்க்குகள் கண்ணெதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கின்றன. புதிய சிஸ்டமோ ஒன்றுமே இல்லை என்கிறது. எங்களில் இளையவர் மறுபடி யந்திரத்தை எழுப்பி, டிஸ்க்குகளை ஆளும் ரெய்டு கார்டின் சொந்தத் திரைக்குள் நுழைந்தார். அங்கே ஆறும் நலமாகத் தெரிந்தன. எனவே அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கும் அமைப்புதான் குலைந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். புதிதாக அமைத்துவிடலாம் என்று அந்தக் கட்டளையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அதை அழுத்தியிருந்தால் பதினோரு ஆண்டுக் கணக்கும் போயிருக்கும். பிரதி ஒன்று வெளி டிஸ்க்கில் இருந்தது. ஆனால் அது மார்ச் மாதத்துப் பிரதி. அதைத் திறந்து பார்த்தவர் எவரும் இல்லை.

அப்போது அறையில் இருந்த பள்ளிக் கணக்கர், கம்ப்யூட்டர் சாஸ்திரம் ஒன்றும் கற்காதவர், “தம்பி, கொஞ்சம் பொறு. அந்தக் குச்சியை எடுத்துவிட்டால் பழையது எழுந்திருக்கிறதா என்று முதலில் பார்” என்றார். இளையவர் குச்சியைப் பிடுங்கி யந்திரத்தை மீண்டும் எழுப்பினார். இரண்டு நிமிஷத்தில் பழைய சிஸ்டம் ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றது. டிஸ்க்கில் பழுதில்லை, கார்டிலும் பழுதில்லை. புதியதற்கு அந்தக் கார்டைத் தெரியவில்லை, அவ்வளவே. அதற்கு டிஸ்க்கே கண்ணில் படாததுதான் எங்கள் அதிர்ஷ்டம். பாதி கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருப்போமோ.

தெரியவில்லை என்பது எப்படி நேர்ந்தது? ஒவ்வொரு கார்டோடும் பேசுவதற்குச் சிஸ்டத்துக்குள் ஒரு டிரைவர் வேண்டும். இருபாஷை அறிந்த துபாஷி மாதிரி என்று கொள்ளலாம். புதிய பதிப்பு வந்தால் பழையதில் இருந்த துபாஷிகள் எல்லாரும் இருப்பார்கள், புதியவர்கள் சிலர் சேர்ந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அப்படியன்று. 2019 மே மாதத்தில் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளிவந்தபோது, பழைய டிஸ்க் கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவை அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. எவை எவை என்று பட்டியலும் வெளியிட்டது. ஒரு காலத்தில் சர்வர்களில் பரவலாக இருந்த எஸ்ஏஎஸ் 2008 என்னும் சிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. மறைத்துச் செய்த காரியம் ஒன்றுமில்லை. எங்களைப்போல் படிக்காதவர்களுக்குத்தான் அது திடீரென்று வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த டிரைவர்களில் பல, லினக்ஸின் மூல நிரலில் அப்போதும் இருந்தன. விநியோகித்தவர் தம் பதிப்பில் அவற்றைச் சேர்க்காமலோ, குறிப்பிட்ட கார்டுகளின் எண்களை நீக்கியோ வெளியிட்டார். பத்து ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டிய ஒரு பதிப்பில், உற்பத்தி செய்தவரே கைவிட்ட கார்டைச் சோதித்துக்கொண்டிருக்க இயலாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆகவே ‘ஆதரவு இல்லை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அடியோடு ஓடாது என்பது ஒன்று. ஓடக்கூடும், ஆனால் கெட்டால் யாரும் ஜவாப்தாரி அல்ல என்பது மற்றொன்று. எல்ரெப்போ என்னும் தன்னார்வக் குழு நீக்கப்பட்ட டிரைவர்களைத் தனியே தொகுத்துத் தருகிறது. ஆல்மாலினக்ஸ் என்ற விநியோகம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட 9.4 பதிப்பில் அவ்வாறு கைவிடப்பட்ட கார்டுகள் பலவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது. இவற்றை நாடுவதில் தவறில்லை. இரண்டாவது பொருளை அறிந்துகொண்டு நாட வேண்டும். அடுத்த பதிப்புக்குப் போகும்போதும் இதே கேள்வி மீண்டும் எழும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்படியானால் பொருத்தம் பார்ப்பது எவ்வாறு? நம் வீடுகளில் ஜாதகம் பார்ப்பவர் குடும்பப் பெயரைக் கேட்டுப் பொருத்தம் சொல்லிவிடுவதில்லை. நட்சத்திரமும் பாதமும் கேட்கிறார். சர்வரின் முகப்பில் உள்ள மாடல் பெயர் குடும்பப் பெயரைப் போன்றது. ஒரே மாடலை நாலைந்து வகைக் கார்டுகளோடு விற்றிருப்பார்கள். ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரிட்டும் விற்றிருக்கும். பெட்டி ஒருமுறை கைமாறியிருந்தால் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். ஆகவே பெயரை விட்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ‘எல்எஸ்பிசிஐ’ என்றொரு கட்டளை உண்டு. அதனோடு இரண்டு ‘என்’ எழுத்துகளைக் கொண்ட குறியைச் சேர்த்துக் கொடுத்தால், யந்திரத்தில் செருகியுள்ள ஒவ்வொரு கார்டுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு இலக்கம் தோன்றும். முன்னது செய்தவரின் எண். பின்னது பொருளின் எண். மேலே சொன்ன எஸ்ஏஎஸ் 2008 சிப்பு 1000:0072 என்று வரும். 8086 என்று தொடங்கினால் அது இன்டெல் சரக்கு. 1978-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அந்நிறுவனம் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது, வேடிக்கைதான். இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, புதிய பதிப்பை வெளியிட்டவரின் நீக்கப் பட்டியலோடும் ஆதரவுப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். டிஸ்க் கார்டு முதலில். நெட்வொர்க் கார்டு அடுத்து. டிஸ்க் தெரியாவிட்டால் நிறுவவே முடியாது. நெட்வொர்க் தெரியாவிட்டால் நிறுவியபின் தனித்தீவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சென்ட் ஓஎஸ் 7 போன்றவற்றிலிருந்து அடுத்த பதிப்புக்கு இருந்த இடத்திலேயே ஏறுவதற்கு ‘லீப்’ என்ற கருவி இருக்கிறது. அதில் ஏறுவதற்கு முன் நடத்தும் ஒத்திகை ஒன்று உண்டு. அது எதையும் மாற்றாது. பார்த்து அறிக்கை மட்டும் எழுதும். நீக்கப்பட்ட டிரைவரில் ஓடும் கார்டு இருந்தால் அந்த அறிக்கை தடை என்றே சொல்லிவிடும். புதிதாகவே நிறுவப் போகிறவர்களும் இந்த ஒத்திகையை நடத்திப் பார்க்கலாம். நாங்கள் அன்று செய்திருந்தால் கால்மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

அடுத்தது பிராசஸர். இங்கே வந்திருக்கும் மாறுதல் பலருக்கு இன்னும் எட்டவில்லை. முன்பெல்லாம் 64-பிட் பிராசஸர் என்றால் எந்தச் சிஸ்டமும் ஏறும். 2022 மே மாதத்தில் வந்த ரெட் ஹாட் 9, எக்ஸ்86-64-வி2 என்ற படியை எட்டிய பிராசஸரைக் கேட்டது. 2009-ஐ ஒட்டி வந்த நெஹாலம் வகை ஜியான்களும் அதை எட்டுவதால் யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. 2025 மே மாதத்தில் வந்த 10-ஆம் பதிப்பு வி3 படியைக் கேட்கிறது. அதற்கு ஏவிஎக்ஸ்2 முதலிய கட்டளைகள் வேண்டும். இன்டெல்லில் அவை 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான் உண்டு. இ5-2600 வரிசை ஜியான் நம் பழைய சந்தைகளில் குவிந்து கிடக்கிறது. அதன் முதல் இரண்டு தலைமுறைகளும் 9-ஆம் பதிப்போடு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை முதல் 10-க்குப் போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரின் கடைசியில் ‘வி2’, ‘வி3’ என்ற இரண்டு எழுத்துத்தான் வேற்றுமை. ‘எல்எஸ்சிபியு’ கட்டளை கொடுத்தால் வரும் நீண்ட பட்டியலில் ஏவிஎக்ஸ்2 என்ற சொல் இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆல்மாலினக்ஸ் தன் 10-ஆம் பதிப்பை வி2 பிராசஸர்களுக்காகவும் தனியே கட்டித் தருகிறது என்பது பழைய பெட்டிக்காரர்களுக்கு ஆறுதல்.

லினக்ஸில் மட்டும் நடப்பது இதுவென்று எண்ண வேண்டாம். ஒரு பெட்டியில் பல சர்வர்களை ஓட்ட உதவும் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ, 2020 ஏப்ரலில் 7-ஆம் பதிப்புக்கு வந்தபோது, பழைய வகை டிரைவர்கள் அனைத்தையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. அதுவரை ஓடிய கார்டுகள் எத்தனையோ அதன் கண்ணில் படாமல் போயின.

சிஸ்டத்தை மாற்றாமல் யந்திரத்தின் உறுப்பை மாற்றுபவர்களுக்கும் ஒரு சொல். மேலே சொன்ன கடைவீதிகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ‘சல் ஜாயேகா’. ஓடிவிடும் என்று பொருள். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நாம் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறார், நாம் சரியான கேள்வியைக் கேட்பதில்லை. ராம் வாங்கப் போனால் எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்கிறோம். டிடிஆர்3-க்கு 240 கால்கள், டிடிஆர்4-க்கு 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் பள்ளத்தில் இறங்காது. அது நல்லதே, தவறு உடனே தெரிந்துவிடுகிறது. தொல்லை, இறங்கிவிட்டு ஓடாமல் போவதில்தான். சர்வர் ராமில் ஆர்டிம், எல்ஆர்டிம் என்று இருவகை உண்டு. இரண்டும் அதே பள்ளத்தில் பாந்தமாக உட்காரும். ஒரே பெட்டியில் இரண்டையும் கலந்தால் யந்திரம் எழுந்திருக்காது. நாங்கள் வேறொரு சமயம் நான்கு துண்டு ராம் வாங்கி வந்து இப்படி விழித்தோம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆட்டோச் சத்தம் எங்களுடையது.

பிராசஸர் மாற்றுவோர், உட்காரும் இருக்கையின் பெயரை முழுதும் படிக்க வேண்டும். எல்ஜிஏ 2011 என்பதும் எல்ஜிஏ 2011-3 என்பதும் எண்ணிக்கையில் ஒரே அளவு முனைகள் கொண்டவை. ஒன்றுக்கு உரியது மற்றதில் சேராது. ஒரே இருக்கையில் சேரும் அடுத்த தலைமுறையைப் போடுவதானாலும், பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றியபின் புதுப்பிப்பது பல பெட்டிகளில் இயலாது. இரண்டு பிராசஸருக்கு இடமுள்ள பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், கார்டு செருகும் பள்ளங்களில் பாதியும் ராம் பள்ளங்களில் பாதியும் இல்லாத பிராசஸரோடு சேர்ந்தவை. அங்கே செருகிய கார்டு கெட்டுப்போனதென்று திருப்பிக் கொடுத்தவர்களை நாம் அறிவோம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். பழைய சிஸ்டம் எழுந்ததும் கணக்கர் எங்களை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெறவிருந்த ஓர் ஆசிரியையின் பணிக்காலக் கணக்கு முழுவதையும் அச்சிட்டு, மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். “இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்” என்றார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் முழுதும் வேலை தாளிலேயே நடந்தது. எண்களை எடுத்தோம்; எங்கள் கார்டு நீக்கப் பட்டியலில் இருந்ததைக் கண்டோம். பிரதியைப் புதிதாக எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பார்த்தோம். கணக்குகள் வந்தன, மாணவர்களின் புகைப்படங்கள் வரவில்லை. அவை இருந்த அடைவு பிரதியில் சேர்க்கப்படவே இல்லை. மார்ச் மாதத்துப் பிரதியிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதைச் சரிசெய்தபின், நீக்கப்பட்ட டிரைவர்களைச் சேர்த்துத் தரும் பதிப்பு ஒன்றின் ‘லைவ்’ வடிவத்தைக் குச்சியில் ஏற்றினோம். இவ்வடிவம் டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் குச்சியிலிருந்தே ஓடும். அதே யந்திரத்தில், அதே கார்டின் முன்னால், புதிய சிஸ்டத்துக்குக் கண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் குச்சியை எடுத்துவிடலாம். எத்தனை பட்டியல் படித்தாலும் இந்தப் பத்து நிமிஷச் சோதனைக்கு ஈடில்லை. பட்டியலைப் படிக்காமல் இதை மட்டும் செய்தாலும் போதாது, ஏனெனில் இன்று ஓடுவதையே இது காட்டும். யார் பொறுப்பு என்பதைக் காட்டாது.

குச்சியில் எழுந்த திரையில் டிஸ்க் தெரிந்தது. நெட்வொர்க் கார்டுகள் இரண்டும் தெரிந்தன. அன்றிரவு நிறுவி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி, மதிப்பெண் நிரலைப் புதிய சிஸ்டத்தில் ஓட வைப்பதற்கு. இளையவர் கார்டுகளின் எண்களையும் பிராசஸரின் பெயரையும் ராமின் வகையையும் ஒரு சீட்டில் எழுதி, தேதியிட்டு, சர்வர் மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். கடைசி வரியில், “10-க்குப் போகாது, அதற்கு முன் பெட்டி மாற்ற வேண்டும்” என்று எழுதியிருக்கிறார். பள்ளி நிர்வாகக் குழு அடுத்த ஆண்டு வரவுசெலவில் அதற்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது.